கிரெடிட் கார்டு கடன்: ஆலோசனை வழியா, செட்டில்மென்ட் வழியா? முடிவெடுப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் பை நிறைய ஸ்டேட்மென்ட்டுகளோடு வந்து உட்காருவது, நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்தே வழக்கமாகிவிட்டது. பையைக் கீழே வைக்கும் முன்பே பெரும்பாலானவர்கள் கேட்டுவிடும் கேள்வி ஒன்றுதான்: "சார், செட்டில்மென்ட் போட்டுடலாமா?" கைப்பேசியில் வந்த விளம்பரம் ஒன்று பாதிக் கடனைக் கழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கும். அந்தப் பாதி எதன் பாதி என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். செட்டில்மென்ட் என்பது, நீங்கள் தர வேண்டியதைவிடக் குறைந்த தொகையை ஒரேயடியாகவோ சில தவணைகளிலோ வாங்கிக்கொண்டு வங்கி கணக்கை முடித்துக்கொள்வது. கடன் ஆலோசனை என்பது, உங்கள் வரவு செலவை நடுநிலையான ஒருவர் உட்கார்ந்து பார்த்து, வட்டியைக் குறைத்தும் தவணைக்காலத்தை நீட்டியும் அசலை முழுமையாகக் கட்டி முடிக்க ஒரு திட்டம் போட்டுத் தருவது. இணையத்தில் கிடைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே லாப நோக்கமற்ற ஆலோசனை நிறுவனங்கள் எல்லாக் கார்டுகளுக்கும் சேர்த்து மாதம் ஒரே தொகையை வாங்கிக்கொண்டு, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கடனை அடைத்துத் தருகின்றன. நம் ஊரில் அப்படி ஆயத்தமான ஏற்பாடு பரவலாக இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2009-இல் நிதிக் கல்வி மற்றும் கடன் ஆலோசனை மையங்களுக்கான மாதிரித் திட்டத்தை வெளியிட்டது, ஆலோசனை இலவசம் என்பதையும் அதிலேயே சொன்னது. 2012-இல் அந்த மையங்கள் நிதிக் கல்வி மையங்கள் என்று மாறியபோது கவனம் கல்வியின் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆகவே இங்கே ஆலோசனை வழி என்றால், மையத்தில் கிடைக்கும் வழிகாட்டுதலையும், கார்டு கொடுத்த வங்கியோடு நாமே நடத்தும் பேச்சையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் ஒன்றுதான்.

முதல் படி: கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு கார்டுக்கும் ஐந்து விவரங்கள் போதும். நிலுவை எவ்வளவு, மாத வட்டி எத்தனை சதவீதம், கடைசியாகப் பணம் கட்டிய தேதி, கெடு தாண்டி எத்தனை நாள் ஆயிற்று, அதே வங்கியில் உங்கள் சம்பளக் கணக்கோ சேமிப்புக் கணக்கோ இருக்கிறதா. கடைசிக் கேள்வி ஏன் என்று பலர் கேட்பார்கள். கார்டு பாக்கிக்காக அதே வங்கியில் உள்ள கணக்குப் பணத்தை வங்கி நிறுத்தி வைக்கவும் ஈடு செய்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. முதல் தேதி சம்பளம் விழுந்த ஒரு மணி நேரத்தில் ஏ.டி.எம்மில் பணம் வராமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாகக் கடன் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். செயலியில் எப்போதோ வாங்கி மறந்துபோன சின்னக் கடன்கூட அதில் எட்டிப் பார்க்கும். அறிக்கையில் வராத கடன்களையும் அதே தாளில் எழுத வேண்டும். மார்க்கெட்டில் வாங்கி நாள்தோறும் கட்டும் தண்டல், மாமியார் பெயரில் எடுத்த குழுக் கடன், எடுத்துவிட்ட ஏலச் சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய மாதங்கள் எல்லாம் அதில் வர வேண்டும். தண்டலை மறைத்துவிட்டுக் கார்டுக் கணக்கை மட்டும் என்னிடம் காட்டியவர்களின் திட்டம் ஒன்றுகூட மூன்று மாதத்தைத் தாண்டியதில்லை.

இரண்டாம் படி: கார்டு வட்டியை நம் தெருக் கணக்கில் பாருங்கள்

ஐந்து ரூபாய் வட்டி என்றால் நம் பக்கத்தில் எவரும் ஒரு நொடி தயங்குவார்கள். கார்டு வட்டி வழக்கமாக மாதம் 3 முதல் 3.75 சதவீதம். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்கிறது. 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சத்துக்கு மாதம் 3,500 ரூபாய் வட்டி, 630 ரூபாய் வரி, ஆக 4,130 ரூபாய். நாலு ரூபாய் வட்டிக்கும் கொஞ்சம் மேலே. மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டும் 5,000 ரூபாயில் அசலில் கழிவது 870 ரூபாய்தான். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் பல மாதங்கள், ஆண்டுகள் நீளும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்ட்டில் அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. அச்சிடத்தான் செய்கிறார்கள், எறும்பு அளவு எழுத்தில். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எனவே வட்டி அதிகம் என்ற வாதத்தை மட்டும் நம்பி வழக்குக்குப் போவதில் பயனில்லை.

மூன்றாம் படி: முடிவைத் தீர்மானிக்கும் கணக்கு

குடும்பத்துக்கு வரும் மொத்த வருமானத்திலிருந்து வாடகை, மளிகை, பால், பள்ளிக் கட்டணம், மருந்து, போக்குவரத்து, மேலே சொன்ன தண்டல், சீட்டு எல்லாவற்றையும் கழித்தால் கையில் என்ன மிஞ்சுகிறது? ஒரே மாதத்தை வைத்துப் பார்க்காதீர்கள். ஜூன் மாதப் பள்ளிச் செலவு, ஆடி, தீபாவளி, பொங்கல் ஆகியவற்றை ஆண்டுக் கணக்காக எடுத்துப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். காசிமேட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பம் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை வருமானமில்லாத காலமாகவே கணக்கில் வையுங்கள்.

இனி அந்த மீதத்தைக் கடனோடு ஒப்பிடலாம். கார்டு நிலுவையை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் தவணையாக மாற்றினால், ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 24 மாதத்துக்கு ஏறக்குறைய 4,990 ரூபாய், 36 மாதத்துக்கு 3,615 ரூபாய், 60 மாதத்துக்கு 2,540 ரூபாய். கார்டிலேயே தவணையாக மாற்றினால் வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. உண்டு, தொடக்க மாதத்தில் லட்சத்துக்கு 270 ரூபாய் கூடும். தனிநபர் கடனாக வாங்கி அடைத்தால் வட்டிக்கு அந்த வரி கிடையாது. இந்த எண்களை வைத்து நான் சொல்லும் வரம்பு இதுதான்: ஒவ்வொரு லட்சம் கடனுக்கும் மாதம் 3,900 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சினால் ஆலோசனை வழியை எடுங்கள், செட்டில்மென்ட் என்ற பேச்சையே மறந்துவிடுங்கள். 2,500 ரூபாய்கூட மிஞ்சவில்லை என்றால், எந்தத் தவணைத் திட்டமும் பாதியில் முறியும். அப்போது செட்டில்மென்ட்டைப் பற்றி நேர்மையாக யோசிக்கலாம். இடையில் இருப்பவர்கள் நகை, உறவினர் உதவி, இரண்டாவது வண்டியை விற்பது என்று ஏதாவது ஒன்றால் கடனின் அளவைக் குறைத்துவிட்டு மறுபடியும் கணக்குப் போட வேண்டும்.

துறைமுகத்தில் ஒப்பந்தப் பணியில் இருக்கும் தண்டையார்பேட்டைக்காரர் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். மூன்று கார்டில் 3,20,000 ரூபாய் நிலுவை, வீட்டில் மிஞ்சுவது மாதம் 13,000 ரூபாய். அவர் கட்டிக்கொண்டிருந்த வட்டியும் வரியும் மட்டும் மாதம் 13,216 ரூபாய், அதாவது கையில் இருந்த அத்தனையும் போய், கடன் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே கடனை 36 மாதத் தவணையாக மாற்றியபோது தவணை 11,570 ரூபாயும் முதல் மாத வரி 864 ரூபாயும் வந்தன. வட்டிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த பணத்தைவிடக் குறைவான பணத்தில் கடனே அடைகிறது என்பதை அவர் மனைவி கால்குலேட்டரில் மூன்று முறை தட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

அவர் செட்டில்மென்ட்டுக்குப் போயிருந்தால்? வங்கி பேச்சுக்கு இறங்க வேண்டுமானால் கணக்கு வாராக்கடன் ஆகியிருக்க வேண்டும், அதாவது குறைந்தது 90 நாள் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். நடைமுறையில் நல்ல சலுகை வர ஆறு மாதமாவது இழுக்கும். ஆறு மாதத்தில் வட்டியும் வரியும் சேர்ந்து நிலுவை நான்கு லட்சத்தைத் தொட்டுவிடும், தாமதக் கட்டணம் தனி. அதில் பாதி தள்ளுபடி என்றால் அவர் கட்ட வேண்டியது இரண்டு லட்சம், ஏறக்குறைய ஒரே நேரத்தில். விளம்பரம் இரண்டு லட்சம் மிச்சம் என்று சொல்லும். இன்றைய கடனோடு ஒப்பிட்டால் மிச்சம் 1,20,000 ரூபாய், அதிலும் இடைத்தரகு நிறுவனத்தின் கட்டணம் கழியும்.

நான்காம் படி: ஆலோசனை வழியில் நடப்பது எப்படி

கெடு தவறுவதற்கு முன்பே வங்கியிடம் போவது மிகவும் முக்கியம். கெடு தேதிக்குப் பிறகு 3 நாள் தாண்டினால்தான் தாமதம் என்று கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவும் தாமதக் கட்டணம் போடவும் முடியும். ஆகவே இன்னும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பவருக்குப் பேசும் பலம் அதிகம். முதலில் உங்கள் வங்கிக் கிளையில் அருகிலுள்ள நிதிக் கல்வி மையம் எது என்று கேட்டு, முதல் படியிலும் மூன்றாம் படியிலும் எழுதிய தாளை எடுத்துச் சென்று காட்டுங்கள். உங்களுக்காக அவர்கள் வங்கியோடு பேரம் பேசுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கணக்கைச் சரிபார்க்க அந்தச் சந்திப்பு உதவும்.

பிறகு கார்டு வங்கிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். வருமானம் குறைந்த காரணத்தை இரண்டு வரியில் சொல்லி, மொத்த நிலுவையையும் இத்தனை மாதத் தவணையாக மாற்றித் தரும்படியும், கார்டை முடக்கிவிடும்படியும், கடந்த மாதங்களின் தாமதக் கட்டணத்தைத் தள்ளும்படியும் கேளுங்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற எண்ணை நீங்களே எழுத வேண்டும். வங்கி பதில் தரும்போது வட்டி விகிதம், செயல்முறைக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுபவர் வாய்மொழியாகச் சொல்வதற்குப் பின்னால் எந்த ஆதாரமும் இருக்காது.

வங்கிக்கு அனுப்பிய புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புகாரை இணையத்தில் பதிவு செய்யலாம், வழி தெரிந்துகொள்ள 14448 என்ற எண் உண்டு. வங்கி வட்டியைக் குறைக்க வேண்டும் என்று அவர் உத்தரவிட மாட்டார். தவறான கட்டணம், பதிலின்மை, முறைகேடான வசூல் ஆகியவற்றுக்குத்தான் அந்தக் கதவு.

வீட்டில் நகை இருந்தால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு ரூபாய் வட்டியை ஒரு ரூபாய் வட்டியைச் சுற்றி வரும் வங்கி நகைக்கடனாக மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பீரோவில் தூங்கும் நகைக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனால் கார்டை முடக்காமல் நகையை வைத்தவர்கள் ஒரு வருடத்தில் நகைக்கடனையும் கார்டுக் கடனையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். கார்டை அடைக்கத் தண்டல் வாங்குவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். கையில் 8,500 ரூபாய் வாங்கி நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்டுவது, கார்டு வட்டியையே மலிவாக்கிக் காட்டும்.

ஐந்தாம் படி: செட்டில்மென்ட்தான் என்று ஆகிவிட்டால்

வேலை போனவர், நோயில் விழுந்தவர், தொழில் முடங்கியவர் ஆகியோருக்கு இது கௌரவமான வழியே. வேண்டுமென்றே கட்டாமல் நிறுத்திச் சலுகைக்குக் காத்திருக்கும்படி சொல்லும் நிறுவனத்தின் பேச்சைத்தான் கேட்கக் கூடாது. முன்பணமாகவோ மாதச் சந்தாவாகவோ கட்டணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். அவர்கள் செய்யும் பேச்சை வங்கியின் வசூல் பிரிவோடு நீங்களே செய்யலாம். அமெரிக்காவில்கூட, தொலைபேசி வழியாகக் கடன் தீர்வு விற்கும் நிறுவனங்கள் வேலையை முடிக்கும் முன் கட்டணம் வாங்குவதை 2010-லேயே தடுத்துவிட்டார்கள்.

பேச்சைத் தொடங்கும் முன் பணம் தயாராக இருக்க வேண்டும். வங்கி சொல்லும் முதல் தொகையை ஏற்க வேண்டியதில்லை, மார்ச் போன்ற காலாண்டு முடிவுகளில் இறங்கி வருவது உண்டு. காசிமேட்டில் படகு உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஐந்து மாதம் கட்டவில்லை. 1,80,000 ரூபாய் கடன் 2,17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, மாதம் மிஞ்சுவது 2,000 ரூபாய். வங்கி 1,40,000 ரூபாயில் தொடங்கி 1,05,000 ரூபாய்க்கு வந்தது. மைத்துனர் சீட்டு எடுத்துப் பணம் கொடுத்தார். கடிதம் வந்த அன்று மாலையே கட்டக் கிளம்பியவரை நிறுத்தி, அதை வரிவரியாகப் படித்தேன். 1,05,000 ரூபாய் 'நிலுவையில் ஒரு பகுதியாக' ஏற்கப்படும் என்று இருந்தது. 'முழுமையான, இறுதித் தீர்வாக' என்ற சொல் எங்கும் இல்லை. அந்தக் கடிதத்தை நம்பிக் கட்டியிருந்தால் மீதிக்காக வேறொரு வசூல் ஏஜென்ட் அடுத்த மாதமே கதவைத் தட்டியிருப்பார். திருத்திய கடிதம் வர மேலும் நான்கு நாள் ஆயிற்று.

ஆகவே கடிதத்தில் வங்கியின் தலைப்பு, கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தொகை, கட்ட வேண்டிய தேதி, அது முழுமையான இறுதித் தீர்வு, மீதி தள்ளுபடி என்ற வாக்கியம் ஆகிய அத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை வங்கிப் பரிமாற்றத்தின் வழியாகக் கார்டுக் கணக்குக்கே அனுப்புங்கள். ஏஜென்ட்டின் கைப்பேசி எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். சொன்ன தேதியைத் தாண்டினால் சலுகை ரத்தாகி, பழைய நிலுவை அப்படியே எழுந்து நிற்கும்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு 'அடைக்கப்பட்டது' என்று வராது, 'செட்டில்' செய்யப்பட்டது என்றே வரும், கடன் தகவல் நிறுவனங்கள் தகவலைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் விதிப்படி, சமரசத்தில் முடித்தவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதிய கடன் தர முடியாது. இரண்டு ஆண்டில் மகளின் கல்விக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ உங்கள் கையெழுத்து தேவைப்படும் என்றால், இந்த ஒரு வரி உங்களை மறுபடியும் மூன்றாம் படிக்கு அனுப்ப வேண்டும்.

இடையில் வரும் மிரட்டல்களும் நோட்டீஸ்களும்

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது, அவமானப்படுத்தவோ அக்கம்பக்கத்தாரிடம் கடனைச் சொல்லவோ கூடாது. கார்டு கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், அதற்காகக் காவல்துறை கைது செய்யாது. தவணைக்குக் கொடுத்த காசோலையோ வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் உத்தரவோ பணமின்றித் திரும்பினால் கதை வேறு, அது குற்ற வழக்காகலாம். வாட்ஸ்ஆப்பில் வரும் சிவப்பு முத்திரை 'கோர்ட் நோட்டீஸை'ப் பார்த்துப் பதறாதீர்கள், ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றத்திலிருந்து (ஆர்பிட்ரேஷன்) தபாலில் வரும் நோட்டீஸைப் பிரிக்காமல் பரணில் போடாதீர்கள். பதில் சொல்லாவிட்டால் ஒருதலையாக முடிவாகி, அது நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்றப்படும்.

லோக் அதாலத், அதாவது சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் தவறாமல் போங்கள். கட்டணம் இல்லை, உடன்பாட்டுக்கு உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, தவணையில் கட்டவும் அங்கே கேட்கலாம். உடன்பட்டுக் கையெழுத்திட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நமக்குப் பாரிமுனை ஒரு பஸ் தூரம்தான், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும், வருமானம் பார்க்காமல் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். கடன் மூன்று ஆண்டுக் காலவரம்பை நெருங்குகிறது என்றால், ஏஜென்ட் 'ஆயிரம் ரூபாய் மட்டும் கட்டி ஒரு கையெழுத்துப் போடுங்க' என்று கேட்பதன் பொருளை அங்கேயே விசாரியுங்கள். அது அந்தக் காலவரம்பைப் புதிதாகத் தொடங்கிவிடலாம்.

மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்தில் திவால் மனு போடும் வழி இன்றும் இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று லட்சக் கார்டு கடனுக்கு அது கொசுவுக்குக் கோடாரி.

ஆறாம் படி: முடிந்த பிறகு

எந்த வழியில் போனாலும் கடைசித் தவணைக்குப் பின் பாக்கியில்லாச் சான்றிதழ் வாங்குங்கள். தவணை வழியில் போனவர்கள் கார்டை மூடவும் எழுதிக் கொடுங்கள். நிலுவை இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் அபராதத்தை வங்கி உங்களுக்குத் தர வேண்டும். இரண்டு மாதம் கழித்து நான்கு நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் திருத்தக் கோருங்கள், 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

செட்டில்மென்ட் செய்தவர்கள் பிறகு வசதி வந்தால், தள்ளுபடி செய்த மீதியைக் கட்டி, நிலையை 'அடைக்கப்பட்டது' என்று மாற்றும்படி வங்கியைக் கேட்கலாம். கட்டும் முன்னரே அப்படி மாற்றித் தருவோம் என்ற ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உதிரிபாகக் கடைக்காரர் இதற்காகத் தடைக்காலம் தவிர்த்த மாதங்களில் 1,500 ரூபாய் ஒதுக்கி வருகிறார். திருத்திய அந்தக் கடிதமும் பணம் அனுப்பிய ரசீதும் பாக்கியில்லாச் சான்றும் லேமினேட் செய்யப்பட்டு, ரேஷன் கார்டு இருக்கும் அதே உறையில் இருக்கின்றன.